அந்தியில் அகப்படும் கேலக்சிகள்

சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கினால்தான் வானம் முழுதாக இருண்டது என்று கணக்கு. தமிழ்நாட்டில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்து சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த இருட்டு வந்துவிடும். ஜூன் மாத லண்டனில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாலும் வராது.

அதுவரை தொலைநோக்கியைச் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை. வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே சில கேலக்சிகள் தெரியும். எவை தெரியும் என்பதைப் பட்டியலில் போட்டிருக்கும் பிரகாச எண்ணை நம்பி முடிவுசெய்தால் ஏமாற்றம்தான்.

எம்104, எம்101 என்ற இரண்டு கேலக்சிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் 1781இல் முதலில் கண்டவர் பிரான்சின் பியர் மெஷேன். இரண்டின் பிரகாச எண்ணும் ஏறத்தாழ 8. ஆனால் எம்101 வானத்தில் அடைக்கும் பரப்பு எம்104ஐப் போல இருபது மடங்குக்கும் அதிகம். ஒரே கரண்டி மாவைக் கல்தோசையாக ஊற்றுவதற்கும் பேப்பர் ரோஸ்ட்டாக இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். எம்104இன் ஒளி நடுவில் திரண்டு நிற்பதால் அந்தி வெளிச்சத்தையும் மீறித் தெரிகிறது. எம்101 அதில் கரைந்துபோகிறது. ஊர் விளக்குகள் சூழ்ந்த மொட்டை மாடியிலிருந்து நள்ளிரவிலும் அது தெரிவது சந்தேகமே.

எம்104ஐப் பார்க்க மே மாத மாலை வசதியானது. அப்போது அது தென்கிழக்கில் நன்றாக மேலேறியிருக்கும். அந்தி ஒளி கடைசிவரை தங்குவது மேற்கில்தான், கிழக்குப் பக்கம் முன்னதாகவே இருண்டுவிடும். சித்திரை நட்சத்திரமும் அஸ்த நட்சத்திரத்தின் நாற்கரமும் கண்ணுக்குத் தெரிந்ததும் தேடத் தொடங்கலாம். சித்திரைக்கு மேற்கே சுமார் 11 டிகிரி தள்ளி, அஸ்தத்தின் வடகிழக்கு மூலைக்குச் சற்று வடக்கே அது இருக்கிறது. 8 அங்குலத் தொலைநோக்கி என்றால் சூரியன் 12 டிகிரி தாழ்ந்த கட்டத்திலேயே, அதாவது மறைந்து முக்கால் மணி நேரத்தில், முயன்று பார்க்கலாம். முதலில் தெரிவது மங்கலான ஒரு புள்ளி, அதன் இருபுறமும் மெல்லிய கோடு. படங்களில் பார்க்கும் தொப்பி போன்ற வடிவத்தை எதிர்பார்க்கக் கூடாது.

உருப்பெருக்கத்தைக் கூட்டினால் வானப் பின்னணி இருளும் என்பார்கள். உண்மைதான், ஆனால் கேலக்சியும் அதே அளவு மங்கும். விண்மீன் புள்ளியாகவே நிற்பதால் அதற்கு மட்டும் அது முழு லாபம். அப்படியும் நான் கூட்டத்தான் சொல்வேன், 80 முதல் 100 மடங்கு வரை. மங்கலான பொருள் சிறிதாக இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால் கண் எளிதில் பிடித்துக்கொள்கிறது.

நேராக உற்றுப் பார்க்காமல் கடைக்கண்ணால் பாருங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவே இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. தெரிந்ததா, பிரமையா என்ற சந்தேகம் வந்தால் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசையும் மங்கல் கண்ணில் சட்டென்று படும். தலைமேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டால் பக்க வெளிச்சமும் தொந்தரவு செய்யாது, புழுக்கம்தான் தாங்க வேண்டும். நடுவில் செல்பேசியை எடுத்துப் பார்த்தால், இருட்டுக்குப் பழகிய கண்ணைத் திரும்பப் பழக்க இருபது நிமிடமாவது போகும். அதற்குள் அந்தியே முடிந்திருக்கும்.