பாலைவனத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை

2018 நவம்பர் 9ஆம் தேதி ஜோர்டான் நாட்டின் பழங்காலப் பாறை நகரமான பெட்ராவைச் சுற்றியுள்ள மலைகளில் மழை கொட்டியது. பயணிகள் புழுதி பறக்க நடந்துபோன பாதையில் கொஞ்ச நேரத்தில் சேற்று வெள்ளம் பாய்ந்தது. பெட்ராவிலும் பக்கத்து ஊரான வாதி மூசாவிலும் சில இடங்களில் நீர் 4 மீட்டர் உயரம் வரை எழுந்ததாக அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி அறிவித்தது. 3,000க்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் அங்கிருந்து பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். நாட்டின் மற்ற பகுதிகளில் அன்றைய வெள்ளம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிவாங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், அக்டோபர் 25 அன்று, சாக்கடல் அருகே பள்ளிச் சுற்றுலா வந்தவர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கியிருந்தார்கள். இறந்தவர்கள் 21 பேர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பள்ளி அனுமதி வாங்கியிருந்தது வேறோர் இடத்துக்கு என்று கல்வி அமைச்சகம் பிறகு சொன்னது. கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினார்கள்.

பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்கத் தோன்றும். பாலைவனம் என்பதால்தான் வெள்ளம். மொட்டைப் பாறையில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள மண்ணும் இல்லை, வேரும் இல்லை. எங்கோ மலைமேல் பெய்த மழை அப்படியே ஓடைகளில் இறங்கி, இருக்கிற ஒரே இடுக்கில் வந்து சேர்கிறது. பெட்ராவுக்குள் பயணிகள் நுழையும் ‘சிக்’ அப்படிப்பட்ட இடுக்குதான். ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் அகலம் மூன்று மீட்டர்தான். இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர்.

இந்த ஆபத்தை அந்த நகரத்தைச் செதுக்கிய நபாத்தியர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிக்கின் வாயிலில் அணை கட்டி, பக்கத்துப் பாறையைக் குடைந்து 80 மீட்டருக்கும் நீளமான சுரங்கம் வெட்டி, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். நகரம் கைவிடப்பட்டது, அணை தூர்ந்தது. 1963 ஏப்ரலில் சிக்குக்குள் நடந்துகொண்டிருந்த பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டார்கள். அதன் பிறகே பழைய இடத்தில் புதிய அணை எழுந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பொறியாளர்கள் செய்துவைத்ததை மறந்ததற்குக் கொடுத்த விலை இது.

இந்தியாவிலிருந்து பெட்ராவுக்குப் போகிறவர்களில் பலர் வெயில் தணிந்த நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜோர்டானில் மழை பெய்வதும் அந்த மாதங்களில்தான். தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கிறது என்பது அங்கே எந்த உத்தரவாதமும் இல்லை. காவலர்கள் வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும்; நீர் வருவது கண்ணில் பட்டுவிட்டால் வாசலை நோக்கி ஓடுவதைவிட அருகிலுள்ள மேட்டில் ஏறுவதே உயிர் காக்கும். சாக்கடலுக்கு அருகே உள்ள வாதி முஜிப் நீர்ப்பாதை குளிர்காலத்தில் மூடப்படுவதும் இதனால்தான். மூடிய பாதைக்குள் ‘நான் கூட்டிப்போகிறேன்’ என்று யாராவது முன்வந்தால் அவரிடம் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

முதுகுப்பையோடு இருவராகக் கிளம்புகிறவர்களுக்கு இந்த ஒரு சொல்தான் மிகப் பெரிய பாதுகாப்பு. நிறுவனம் அழைத்துப்போகும் குழுவில் முடிவெடுக்க ஒரு தலைவர் இருப்பார். அம்மானில் பேருந்து ஏறி வாதி மூசாவில் இறங்கும் இரண்டு நண்பர்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஒருவர் தயங்கும்போது இன்னொருவர் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று இழுப்பதும், தயங்கியவர் நட்புக்காக வாயை மூடிக்கொள்வதும் எல்லாப் பயணத்திலும் நடப்பவை. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இருவரில் யார் ‘திரும்பிடலாம்’ என்று சொன்னாலும் இருவரும் திரும்ப வேண்டும். விவாதம் விடுதி அறைக்குப் போன பிறகு.

வெயிலில் இந்த ஒப்பந்தம் இன்னும் அவசியமாகிறது. பெட்ராவின் பிரதான பாதை மட்டும் போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர். அதற்கு மேல் ‘மடாலயம்’ எனப்படும் அத் தெய்ர் வரை 800க்கும் அதிகமான படிகள். வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பது நடப்பவருக்கே தெரியாது. தாகம் தாமதமாகத்தான் எட்டிப்பார்க்கும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் போதாது. உப்பும் உள்ளே போக வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சிலவற்றைப் பையில் போட்டுக்கொள்வது எடையே இல்லாத காப்பு. பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, காரணமில்லாத எரிச்சல், குழப்பம் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். பாதிக்கப்பட்டவருக்கு இவை புரியாது. கூட நடப்பவர்தான் கவனிக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பையும் துணியையும் நனைத்து, விசிறி, 911 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ‘நீ மெதுவாக வா, நான் மேலே போய்ப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று நண்பரை விட்டுப் போவதுதான் இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

இனி பணம். பெட்ராவுக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 50 தினார், அதாவது ஏறத்தாழ 70 அமெரிக்க டாலர். ஜோர்டானில் இரவு தங்காமல் வந்து போகிறவர்களுக்கு 90 தினார். ‘ஜோர்டான் பாஸ்’ என்ற சீட்டு 70 தினாரில் தொடங்குகிறது. பெட்ரா, வாதி ரம் உட்பட 40க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அது செல்லும். அந்நாட்டில் குறைந்தது மூன்று இரவு தங்குகிறவர்களுக்கு 40 தினார் விசா கட்டணமும் தள்ளுபடி. அதை நாட்டுக்குள் நுழையும் முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பெட்ரா வாசலில் குதிரைக்காரர் ‘சவாரி இலவசம், சீட்டிலேயே சேர்ந்திருக்கிறது’ என்பார். அது உண்மைதான். வாசலிலிருந்து சிக் தொடங்கும் இடம் வரையான குறுகிய தூரத்துக்கு மட்டும் சேர்ந்திருக்கிறது. இறங்கும்போது அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள். எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிட்டால் சண்டை இல்லை. ஏறாமல் நடந்துபோகவும் பயணிக்கு முழு உரிமை உண்டு. விலங்குகளை வதைப்பது குறித்த புகார்கள் உலக அளவில் எழுந்த பிறகு, 2021இல் குதிரை வண்டிகளுக்குப் பதிலாக மின்வண்டிகள் வந்தன. காயம்பட்ட கழுதையோ ஒட்டகமோ கண்ணில் பட்டால் பார்வையாளர் மையத்தில் புகார் செய்யலாம்.

கருவூலம் என்று பெயர்பெற்ற அல் கஸ்னேயை மேலிருந்து படம் எடுக்க ஆசைப்படாதவர்கள் குறைவு. அதற்கு முறையான வழி அல் குப்தா பாதை. நேரம் பிடிக்கும், ஆனால் படிகள் உண்டு. குறுக்குப் பாறையில் ஏற்றிவிடுகிறேன் என்று கூப்பிடுகிறவர்களும் அங்கே உண்டு. தடை செய்யப்பட்ட பாறையில் ஏறி விழுந்தால் எலும்போடு சேர்ந்து காப்பீடும் உடையும். சட்டத்தை மீறிய செயலில் ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு இல்லை என்ற வாசகம் பெரும்பாலான பயணக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் இருக்கிறது.

வாதி ரம் பாலைவனத்தில் ஏமாற்றம் வேறு வடிவில் வரும். யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற அந்தச் செம்மணல் பகுதியின் பெயரில் இணையத்தில் விற்கப்படும் முகாம்களில் பல, பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே தீசே கிராமத்துப் பக்கம் இருப்பவை. அங்கே தங்குவதில் குற்றமில்லை. தெரியாமல் தங்குவதுதான் சிக்கல். முகாம் உள்ளேயா வெளியேயா, ஜீப் எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், சாப்பாடு சேர்ந்ததா, குளிர்கால இரவுக்குப் போர்வை உண்டா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு புகார் செய்யும்போது அந்த உரையாடல்தான் சாட்சி.

பெட்ராவின் பாதையோரத்தில் சிறுவர்கள் பச்சை பிடித்த நாணயங்களையும் சிறு மண்விளக்குகளையும் நீட்டுவார்கள். பெரும்பாலும் போலிகள். போலியாக இருந்தால் பணம் மட்டும் போகும். உண்மையாக இருந்துவிட்டால்தான் பெரிய ஆபத்து. ஜோர்டானின் 1988ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், 1750க்கு முன்பு மனிதர் செய்த எந்தப் பொருளையும் தொல்பொருளாகக் கருதுகிறது. அவற்றை வாங்குவதும் விற்பதும் நாட்டைவிட்டு எடுத்துப்போவதும் குற்றம். கீழே கிடந்த பானை ஓட்டை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்வதும் இதில் அடங்கும். விமான நிலையச் சோதனையில் ‘தெரியாது’ என்ற பதில் எடுபடாது. பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகளிடம் பொருள் வாங்க வேண்டாம் என்று பெட்ரா நிர்வாகமே பயணிகளைக் கேட்டுக்கொள்கிறது. அங்கே வாழ்ந்த பெதூல் பெதுயின் மக்கள் 1980களில் குகைகளிலிருந்து உம் சைஹூன் கிராமத்துக்கு மாற்றப்பட்டவர்கள். பிழைப்புக்குச் சுற்றுலாவை நம்பியிருப்பவர்கள். அவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் பெரியவர்கள் நடத்தும் தேநீர்க் கடையில் உட்காரலாம். உரிமம் உள்ள உள்ளூர் வழிகாட்டிக்கு நியாயமான கூலி கொடுக்கலாம்.

ட்ரோன் கொண்டுபோகவே கூடாது. முன் அனுமதி இல்லாத ட்ரோன் விமான நிலையத்திலேயே பறிமுதலாகும். வாதி ரம்மின் பாறைகளில் சுமார் 25,000 சித்திரங்களும் 20,000 பழங்கால எழுத்துப் பொறிப்புகளும் இருக்கின்றன. பக்கத்தில் தங்கள் பெயரையும் கீறி வைக்கத் துடிக்கும் கைகளைத் தடுப்பதும் கூட வந்த நண்பரின் கடமை.

பெண்கள் இருவராகப் போவது அங்கே சாதாரணம். ஆனால் சீண்டல் புகார்கள் உண்டு என்று பல நாடுகளின் பயண அறிவுரைகள் எச்சரிக்கின்றன. குகையில் இரவு விருந்து என்ற அழைப்பை மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது. பெட்ராவில் சுற்றுலாக் காவலர்கள் இருக்கிறார்கள். புகார் கொடுப்பதைத் தள்ளிப்போடாமல், அதன் நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் சொத்து. விடுதிக்காரர் பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். பணத்துக்குப் பிணையாகப் பிடித்துவைக்கக் கூடாது. நண்பர்கள் ஒருவர் ஆவணங்களின் நகலை மற்றவர் கைபேசியில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், அடுத்து அம்மானில் உள்ள இந்தியத் தூதரகம். நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். ஒருவர் கைதானால், 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவுப்படி, தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. புரியாத மொழியில் இருக்கும் எந்தத் தாளிலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்திடக் கூடாது. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் இந்தியாவிலிருக்கும் குடும்பத்தாரும் புகாரைப் பதியலாம்.

முதுகுப்பை விமானத்தில் வராமல் போனால்? இந்தியாவும் ஜோர்டானும் மாண்ட்ரியல் ஒப்பந்த நாடுகள். பை தொலைந்தாலோ சேதமடைந்தாலோ ஒரு பயணிக்குக் கிடைக்கும் இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 1,519. ஏறத்தாழ 2,000 டாலர். சேதமடைந்த பைக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பைக்கு அது கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இருவரும் தத்தம் துணிகளில் பாதியை மற்றவர் பையில் வைத்தால், ஒரு பை தொலைந்தாலும் பயணம் நிற்காது. வங்கி அட்டையில் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டதாகத் தகவல் வந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது அல்ல என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி அவருக்கு நட்டம் இல்லை.

இந்திய நிறுவனம் வழியாக முன்பதிவு செய்து, சொன்ன வசதி கிடைக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் முதல் படி. தீர்வு வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பயணி தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருக்கிறது என்று தட்டிக்கழிக்க முடியாது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டுகள்.

காப்பீடு இருவருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருவர் ஒப்பந்த எண்ணும் அவசர உதவி எண்ணும் மற்றவரிடமும் இருக்க வேண்டும், ஏனென்றால் மயங்கிக் கிடப்பவர் தொலைபேச முடியாது. மருத்துவமனை ரசீதுகள், மருத்துவரின் குறிப்பு, காவல் புகாரின் நகல் எல்லாவற்றையும் அசலாகவே கொண்டுவர வேண்டும். எழுத்தில் கொடுத்த புகாரைக் காப்பீட்டு நிறுவனம் நிராகரித்தாலோ, அதற்கு ஒரு மாதமாகப் பதில் சொல்லாவிட்டாலோ, 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்காலுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் மனு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.