பால்மரப் புகையும் பக்கவாட்டு அடுப்பும்

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில், வெட்டியெடுத்த பால் அமிலம் கலந்து உறைய வைக்கப்பட்டு, வரியுருளைகளில் தகடாக அழுத்தப்பட்டு, புகைக்கூடத்துக் கழிகளின்மேல் தொங்கவிடப்பட்டு, ஏறத்தாழ நான்கு நாள் புகையில் காய்ந்தது. தகடுகளுக்கு நேர் கீழே நெருப்பு எரிந்தால் பொறி பறந்து கூடமே பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், திருந்திய கூடங்களில் உலையைச் சுவருக்கு வெளியே அமைத்து, சூடும் புகையும் மட்டும் தரையடி வழியாக உள்ளே வந்து மேலே வெளியேறும்படி கட்டினர். 1877இல் அம்மாநிலத்தின் கோலகங்சாருக்கு ஒன்பது கன்றுகளாக வந்திறங்கிய அதே மரவகை, பால் வற்றி வெட்டப்பட்ட பின், அவ்வுலைக்கு விறகாகவும் ஆயிற்று.

கொல்லைப்புறத்தில் இறைச்சி புகைக்க உதவும் ‘ஆஃப்செட் ஸ்மோக்கர்’, அதாவது பக்கவாட்டுப் புகையடுப்பு, அமெரிக்காவின் டெக்சாஸில் பேர்பெற்றதாயினும், தோட்டத்துப் புகைக்கூடத்தை அறிந்தவர்க்குப் புதிராகத் தோன்றாது. கிடையாக வைத்த இரும்பு உருளையே இறைச்சி அறை. அதன் ஒரு முனையில் சற்றுத் தாழ்வாகப் பொருத்திய பெட்டியில் விறகு எரிய, புகைபோக்கி வெப்பக்காற்றை இழுப்பதால், இறைச்சி நேர்த்தழல் படாமல் 110 முதல் 135 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மணிக்கணக்காக வேகிறது. ரப்பர் தகட்டுக்கோ 60 பாகையே உச்சவரம்பு. தொடக்கத்திலேயே சூடு கூடினால் உள்ளே சிக்கிய ஈரம் கொப்புளமாக எழும்பித் தகட்டின் தரத்தைக் கெடுத்துவிடும். இறைச்சியிலும் ஈரமே காலத்தை நிர்ணயிக்கிறது: பெரிய துண்டின் உட்சூடு 65, 70 பாகையை எட்டியதும், மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர் ஏறும் வெப்பத்தை ஈடுகட்டிவிடுவதால், சில மணி நேரம் வெப்பமானியின் முள் அசைவதே இல்லை. அப்போது பொறுமையிழந்து விறகைத் திணிப்பவர்களே மிகுதி.

புகையின் தன்மையிலும் இரண்டும் வேறுபடுகின்றன. மரம் எரிகையில் பிறக்கும் பீனால் வகைச் சேர்மங்கள் தகட்டில் பூஞ்சை பிடிக்காமல் காக்கின்றன, இறைச்சிக்கோ மணம் தருகின்றன. ஆயினும் தகடு தாங்கும் அடர்புகையை நாக்கு தாங்காது. ஈர விறகும் காற்றின்றித் திணறும் நெருப்பும் கக்கும் வெண்புகை இறைச்சியில் தார்போன்ற கசப்பைப் படியவிடுவதால், நன்கு காய்ந்த சிறு பிளவுகளை அடிக்கடி இட்டு, புகைபோக்கியை முழுதும் திறந்து வைத்து, காற்று நுழையும் கதவை மட்டும் கூட்டிக் குறைத்து, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீலப்புகையை நிலைநிறுத்த வேண்டும். ரப்பர் விறகை நாடுவோர் மரச்சாமான் பட்டறைத் துண்டுகளைத் தொடவே கூடாது. பூச்சி அரிக்காமலிருக்கப் போரான் உப்பு ஏற்றப்பட்ட பலகை சமையலுக்கு உரியதன்று.

இறைச்சி புகைக்கும் போட்டிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கான்சஸ் நகர பார்பெக்யூ சங்கத்தின் விதிகள் எரிவாயுவையும் மின்வெப்பத்தையும் விலக்கி, கோழி, பன்றி விலா, பன்றித் தோள், மாட்டு மார்புக்கறி ஆகியவற்றைத் தோற்றம், சுவை, மென்மை என்னும் அளவைகளால் மதிப்பிடுகின்றன. மாட்டிறைச்சி புழங்காத தமிழ் வீடுகளுக்கு இப்பட்டியல் முழுதும் பொருந்தாது. அங்கு ஆட்டுத்தோளே இயல்பான தேர்வு. இணைப்புத் திசு மிகுந்த அது உட்சூடு 90 பாகையைக் கடந்தால்தான் இளகும், கோழியோ 74 பாகையிலேயே பதம் கொள்ளும் என்பதால், இரண்டையும் ஒன்றாக ஏற்றுவோர் கோழியைப் பல மணி நேரம் முன்னதாகவே இறக்கிவிட வேண்டும்.