டிரம்மர் இல்லாத மேடையில் பிறந்த தாளம்

ஆர்கன் கெட்டுப்போனதில்தான் எல்லாம் தொடங்கியது. 1960களின் முற்பகுதி. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கத்து கிளப்புகளில் டெல் கிரகாம் என்ற பெண்மணி பியானோ வாசித்துக்கொண்டே பாடுவார். மகன் லாரி 15 வயதிலேயே அம்மாவின் குழுவில் சேர்ந்துவிட்டார். பையனின் கையில் கிட்டார், காலடியில் ஆர்கன் பெடல். கையால் கிட்டாரை மீட்டிக்கொண்டே காலால் பெடலை மிதித்துக் கீழ்ச்சுரங்களையும் கொடுத்துவிடுவார். இவர்களோடு ஒரு டிரம்மர். அவ்வளவுதான் குழு.

ஒருநாள் அந்த ஆர்கன் ஓய்ந்துவிட்டது. கீழ்ச்சுரம் இல்லாமல் பாட்டு வெறிச்சோடிக் கிடந்தது. ஆர்கன் சரியாகும்வரை சமாளிக்கலாம் என்று லாரி ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்து வந்தார். ஆர்கன் சரியாகவே இல்லை. சில நாட்களுக்கு என்று எடுத்த வாத்தியம் ஆயுளுக்கும் கையோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு டிரம்மரும் இல்லாமல் போனார். மேடையில் அம்மாவும் மகனும் மட்டும். தாளத்துக்கு என்ன செய்வது? பெரிய டிரம்மின் 'தம்' வரவேண்டிய இடத்தில் பெருவிரல் மூட்டால் தடித்த கம்பியை ஓங்கித் தட்டினார் லாரி. ஸ்நேர் டிரம்மின் 'டக்' விழவேண்டிய இடத்தில் மெல்லிய கம்பியைச் சுட்டுவிரலால் கொக்கிபோல் இழுத்துவிட்டார். கம்பி பலகையில் மோதி அறைந்தது. சுரமும் தாளமும் ஒரே கையிலிருந்து வந்தன. பேஸ் கிட்டாரை முறைப்படி எப்படி வாசிக்க வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. தற்காலிக ஏற்பாட்டுக்கு எதற்குப் பாடம்? அந்த முறைதான் இன்று உலகம் முழுக்க 'ஸ்லாப்' என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. லாரி அதை 'தம்பிங் அண்ட் ப்ளக்கிங்' என்றுதான் சொல்வார்.

லாரி கிரகாம் 1946 ஆகஸ்ட் 14 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் பியூமான்ட்டில் பிறந்தவர், வளர்ந்தது ஓக்லாந்தில். அம்மாவும் மகனும் வாசித்த கிளப்புக்கு வாடிக்கையாக வந்த ஒரு பெண்மணிக்கு இந்தப் பையனின் வாசிப்பு பிடித்துப்போயிற்று. உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளராக இருந்த ஸ்லை ஸ்டோனுக்கு விடாமல் போன் போட்டு, "வந்து கேளுங்கள்" என்று நச்சரித்திருக்கிறார். ஸ்லை வந்தார், கேட்டார், தான் தொடங்கவிருந்த குழுவுக்கு அழைத்துக்கொண்டார். 'ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்'தான் அந்தக் குழு. பெயர் தெரியாத அந்த ரசிகையை நான் மனதாரக் கும்பிடுகிறேன். நல்ல வாசிப்பைக் கேட்டால் நாலு பேருக்குச் சொல்லும் ஆட்களால்தான் கலைஞர்கள் வெளியே வருகிறார்கள்.

கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் சமமாக நின்ற குழு அது. அன்றைய அமெரிக்காவில் அது சாதாரணக் காரியம் இல்லை. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் திருவிழாவில் விடியும் முன் மேடையேறி அத்தனை பெரிய கூட்டத்தையும் எழுப்பி ஆடவைத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் 'தேங்க் யூ' என்ற பாட்டு இசைத்தட்டாக வந்தது. அம்மாவோடு வாசித்தபோது கைவந்த அந்த அடி, தொடக்கத்திலிருந்து கடைசிவரை இந்தப் பாட்டைத் தூக்கிச் சுமக்கிறது. ஒருமுறை பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

ஸ்லையின் குழு வாசித்த ஃபங்க் இசைக்கு உயிர்நாடி தாளம். ராகத்தை விரித்துக்கொண்டே போகாது. ஒரே வட்டத்தில் சுற்றும். நம் தாளத்தில் சமம் எப்படியோ அப்படி, முதல் அடியில் எல்லோரும் வந்து விழ வேண்டும் என்பது ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவுக்குப் போட்ட சட்டம். நடுவில் யார் எங்கே திரிந்தாலும் அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்கு வழிகாட்டுவது பேஸ். அதனால்தான் ஃபங்க்கில் பின்வரிசைக்காரர் முன்வரிசைக்கு வந்தார்.

கம்பியைத் தட்டித் தாளம் எழுப்புவது நமக்கு அந்நியம் இல்லை. வில்லுப்பாட்டில் வீசுகோல் விழுவது வில்லின் நாணில்தான் என்றால், ஆவுடையார்கோவில் பக்கம் கெத்து வாத்தியம் என்றே ஒன்று உண்டு. தம்புராவின் சாயல்; ஆனால் மீட்டுவதில்லை, குச்சியால் தட்டுவார்கள். வாசிக்க ஆளில்லாமல் மங்கிக்கொண்டு வரும் வாத்தியம். லாரி இதையெல்லாம் அறிந்திருக்க வாய்ப்பில்லை. தேவை வந்தபோது அவர் கை தானாக அங்கே போயிற்று.

1972இல் ஸ்லையின் குழுவிலிருந்து விலகி 'கிரகாம் சென்ட்ரல் ஸ்டேஷன்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். 1980இல் 'ஒன் இன் எ மில்லியன் யூ' என்ற காதல் பாட்டைத் தன் ஆழ்ந்த குரலில் பாடி அமெரிக்கப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தார். 1990களின் பிற்பகுதியில் பாடகர் பிரின்ஸ் தன் மேடைகளுக்கு அழைத்துக்கொண்டார். இன்றைய பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு திரியும் ராப் பாடகர் டிரேக், லாரியின் குடும்பத்துப் பிள்ளை.

பெயர் வெளியே தெரியும் இந்த அதிர்ஷ்டம் எல்லா பேஸ் கலைஞர்களுக்கும் வாய்க்கவில்லை. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு அடித்தளம் போட்டவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தவர். 1960கள் முழுக்க அவர் வாசிக்காத வெற்றிப் பாட்டு அங்கே குறைவு. ஆனால் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இருக்காது. 1971இல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டு வந்தபோதுதான் அது அச்சில் ஏறியது. 1983இல், 47 வயதில் மறைந்தார்.

நம் திரையிசையின் கதையும் அதேதான். இளையராஜா பேஸ் கிட்டாருக்கென்று தனியாகச் சுரம் எழுதிக் கொடுத்தவர். அதை நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டில் கிட்டாரைப் புகழாதவர் இல்லை. அதற்கு அடியில் தனி மெட்டாகவே நடந்துபோகும் பேஸை எத்தனை பேர் கவனித்தோம்? அன்றைய கேசட் உறைகளில் வாத்தியக்காரர் பெயரைத் தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஏ.ஆர்.ரகுமான் காலத்தில் உறையில் பெயர் போடும் பழக்கம் வந்த பிறகுதான், பேஸ் வாசிப்பவர் கீத் பீட்டர்ஸ் என்று ஊருக்குத் தெரிந்தது.

எங்கள் கமுதியில் பேஸ் காதில் விழாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு ஒரு காலத்தில் மரத்திலும் கம்பத்திலும் கட்டியது குழாய் ஸ்பீக்கர். பாடகர் குரலும் நாகசுரமும் அதில் ஊர் தாண்டிக் கேட்கும். கீழ்ச்சுரம் வெளியே வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள அந்தக் குழாய்க்குச் சக்தி கிடையாது. பாட்டில் இருந்த பேஸ், ரேடியோ செட்டுக்காரர் பெட்டி ஸ்பீக்கர்களை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. இப்போது பெட்டிக்கு முன்னால் நின்றால் சட்டை படபடக்கிறது, நெஞ்சுக்கூடு அதிர்கிறது.

ஆனால் அந்த அதிர்வு வருவது பெரும்பாலும் கீபோர்டிலிருந்து. எங்கள் பக்கத்துப் பாட்டுக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார்காரரைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. கீபோர்டுக்காரரின் இடது கையோ, முன்கூட்டியே பதிந்துவந்த ட்ராக்கோ அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. ஓக்லாந்தில் ஆர்கன் போய் பேஸ் கிட்டார் வந்தது. இங்கே கீபோர்டு வந்து பேஸ் கிட்டாரை அனுப்பிவிட்டது. ஓர் ஆளின் சம்பளம் மிச்சம் என்பது குழுக்காரர்களின் நியாயம். வண்டி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஏறிக்கிடக்கும் நாளில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இழப்பு இழப்புதான். பதிவான பேஸ் பாடகருக்காகக் காத்திருக்காது. கூட்டம் எழுந்து ஆடும்போது இன்னொரு சுற்று சேர்த்து வாசிக்காது. கம்பியில் கை வைத்து நிற்கும் ஆள் இரண்டையும் செய்வார்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பங்குனிக்குக் கச்சேரி பேசும்போது, யார் பாடுகிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். அதற்கான சம்பளத்தையும் சேர்த்துப் பேசுங்கள். நோட்டீஸில் பாடகர்களுக்குக் கீழே அவர் பெயரையும் அச்சடியுங்கள்.