நுண்ணூட்டம் வாங்கும் முன் மண் சீட்டு, வாங்கிய பின் ரசீது

மத்திகிரி, கெலமங்கலம் பக்கம் தக்காளியின் அடி கறுத்துப்போனால் உரக்கடையில் முதலில் நீட்டுவது நுண்ணூட்ட பாட்டில்தான். அடி கறுப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால். நிலத்தைக் காயவிட்டு, பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் கட்டினாலே வரும். பாட்டிலில் உள்ள துத்தநாகமும் போரானும் அங்கே என்ன செய்யும்?

நம் செம்மண்ணில் போரான் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். நுண்ணூட்டங்களைப் பயிருக்காகப் பிடித்து வைப்பது மக்கிய எருதான். கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. அந்த நிலத்தில் டிஏபியை அள்ளிப் போட்டால் இருக்கிற துத்தநாகத்தையும் வேர் எடுக்கத் திணறும். போரான் கூடினாலும் ஆபத்து: தக்காளிக்கு அளவு மீறிப் போட்ட நிலத்தில் அடுத்து பீன்ஸ் வைத்தால் இலை ஓரம் தீய்ந்துவிடும்.

ஆகவே முதலில் மண் பரிசோதனை. வரப்பு, மரத்தடி, எருக்குழி ஓரம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டு மண்ணை மரக்குச்சியால் சுரண்டிக் கலந்து அரைக் கிலோ எடுங்கள். தகர வாளி வேண்டாம். அதன் பூச்சே துத்தநாகம். 2015இல் வந்த மண்வள அட்டையில் 12 அளவுகள் உண்டு. ஆனால் அத்திட்டத்தில் பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றுதான் வைத்தார்கள். உங்கள் அட்டையில் இருப்பது பக்கத்துத் தோட்டத்து மண்ணாகவும் இருக்கலாம்!

குறை உறுதியானால் நுண்ணூட்டக் கலவை ஒரு பங்குக்குத் தொழு உரம் பத்துப் பங்கு சேர்த்து, ஈரப்பதத்தோடு 30 நாள் நிழலில் வைத்து இடலாம்.

1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் ரசீது தந்தே ஆக வேண்டும். ‘இதையும் எடுத்தால்தான் யூரியா’ என்றால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். உரம் தரமில்லை என்று சந்தேகமா? மாதிரி எடுக்க உர ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு.

நட்டஈடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். பிழைப்புக்காகப் பயிர் செய்கிறவரும் நுகர்வோரே. விதை வழக்கொன்றில் 2012இலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கர்நாடகத்து அத்திப்பள்ளியில் வாங்கிய மூட்டையானாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கே குடியிருப்பவர் கிருஷ்ணகிரியிலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. தமிழக உர ஆய்வாளர் மட்டும் எல்லை தாண்டிப் போய் அந்தக் கடையைச் சோதிக்க முடியாது. அதனால் ரசீதோடு, பிரிக்காத ஒரு பாக்கெட்டையும் எடுத்து வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் கேட்கும்.