மலைப் பூண்டும் பெருநாளும்

கோடை விடுமுறை வந்தால் குழந்தைகளுக்கு மலையேற வேண்டும். பெருநாள் வந்தால் பெரியவர்களுக்கு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்?

முஸ்லிம்களின் வருஷம் சந்திரனை ஒட்டியது. சூரிய வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே 2023-ல் ஜூன் 29-ந் தேதி வந்த பக்ரீத், 2025-ல் ஜூன் 7-ந் தேதிக்கே வந்துவிட்டது. கணக்குப்படி 2026 முதல் மூன்று வருஷம் அது மே மாதத்திலேயே விழுகிறது.

ராவுத்தர் வீட்டுப் பிள்ளையும் உருது பேசும் வீட்டுப் பெண்ணும் இல்லறம் நடத்தும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அத்தாவுக்கு அது ஹஜ்ஜுப் பெருநாள், அம்மாவுக்குப் பக்ரீத். பெயர் இரண்டானாலும் வழக்கம் ஒன்றே. குர்பானி இறைச்சியில் வீட்டுக்கு ஒரு பங்கு, உற்றாருக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு. வீட்டைப் பூட்டிவிட்டு மலையில் தங்கிவிட்டால், மூன்றாவது பங்கை நம்பி வாசலுக்கு வருகிறவர் வெறுங்கையுடன் அல்லவா திரும்புவார்?

பெருநாளுக்கு முன்பே மலையேறிவிடுவது நாம் சொல்லும் யோசனை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சிக்குப் போனால், மலைச்சரிவெங்கும் படிப்படியாக உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் விளையும் வயல்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது கொடைக்கானல் மலைப் பூண்டு. காரமும் மணமும் மிக்கது, நெடுநாள் கெடாதது. குழந்தைகள் குளிரில் குதூகலிக்கட்டும்; பெரியவர்கள் பிரியாணிக்குப் பூண்டு வாங்கட்டும். மூட்டையுடன் உரிய நாளில் கீழே இறங்கினால், பிரயாணமே பெருநாள் ஏற்பாடாகிவிடும். வாசலுக்கு வருகிறவரின் பங்கும் தவறாது.