கட்டணமிலா இணைய இடம்: பயனும் வரம்பும்

1. முன்னுரை

ஏட்டுச்சுவடிக் காலத்தில் நூலை இயற்றுவோர் ஒருவராகவும், அதனைப் படியெடுத்துக் காப்போர் வேறொருவராகவும் இருந்தனர். படியெடுப்பார் இல்லாத நூல்கள் நாளடைவில் மறைந்தன. இக்காலத்தில் ஆய்வாளர் பலர் தம் கட்டுரைகளையும், சொல்லடைவுகளையும், பாட வேறுபாட்டுப் பட்டியல்களையும் இணையத்தில் இடுகின்றனர். அவற்றுள் பல, கட்டணம் பெறாத நிறுவனங்களின் இடத்திலேயே வைக்கப்படுகின்றன. அவ்விடத்தை அந்நிறுவனங்கள் எதனைப் பெற்றுக்கொண்டு தருகின்றன? எவ்வெவ் வரம்புகட்கு உட்பட்டுத் தருகின்றன? எத்துணைக் காலம் தரும்? இவ்வினாக்கட்கு, நடந்து முடிந்த வரலாறு ஒன்றைச் சான்றாகக் கொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இணைய இடம் என்பது

இணையதளம் என்பது காற்றில் மிதப்பதன்று. அது கோப்புகளின் தொகுதியே. அக்கோப்புகள் இரவும் பகலும் இயங்கும் ஒரு கணினியில் இருத்தல் வேண்டும். கேட்பார்க்கு எடுத்து வழங்குதலின், அக்கணினியை வழங்கி என்பர். வழங்கிக்கு மின்சாரம், தொடர்புக் கம்பி, பழுது நீக்குவோர் ஆகிய செலவுகள் உண்டு. ஆதலின் 'இலவசம்' என்பது செலவே இன்மையைக் குறிப்பதன்று. அச்செலவைத் தளத்தின் உரிமையாளர் அல்லாத வேறொருவர் ஏற்கின்றார் என்பதனையே குறிக்கும். ஏற்பவர் தம் நோக்கம் கருதியே ஏற்பர். அந்நோக்கம் மாறுங்கால் இடமும் மாறும். பின்வரும் செய்திகளை இவ்வடிப்படையில் நோக்குதல் வேண்டும்.

3. ஜியோசிட்டீஸ் வரலாறு

1994-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ஆகிய இருவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஜியோசிட்டீஸ் எனப் பெயர் பெற்றது. விரும்பியவர் எவரும் தமக்கெனப் பக்கம் அமைத்துக்கொள்ள அது இடம் அளித்தது. அவ்விடங்கள் பொருள்வகையால் ஊர்களாகப் பகுக்கப்பட்டிருந்தன. கல்வி, இலக்கியம், மெய்ப்பொருளியல் ஆகியன பற்றிய பக்கங்கள் 'ஏதென்ஸ்' என்னும் பகுதியிலும், திரைப்படம் பற்றியன 'ஹாலிவுட்' என்னும் பகுதியிலும் அமைந்தன. ஒவ்வொரு பக்கத்திற்கும் வீட்டு எண்போல ஓர் எண்ணும் உண்டு.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. அச்சகமோ பதிப்பகமோ நாட இயலாதார் எண்ணற்றோர், தம் எழுத்தை உலகின் முன் வைக்கும் வாய்ப்பினை முதன்முறையாகப் பெற்றனர். 1999-இல் யாகூ நிறுவனம் 350 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து இதனை வாங்கியது. பத்தாண்டுகள் கழிந்தபின், 2009 ஏப்பிரலில் மூடும் செய்தி அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள் அமெரிக்க ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. ஜப்பானியப் பிரிவு 2019 மார்ச்சு வரை நீடித்துப் பின் நின்றது.

4. வரம்புகள்

அ) அளவு: யாகூவின்கீழ் இலவசப் பக்கமொன்றிற்கு 15 மெகாபைட் இடமும், மணிக்கு ஏறத்தாழ 4.2 மெகாபைட் பரிமாற்றமும் அளிக்கப்பட்டன. இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். 200 கிலோபைட் அளவுள்ள நூற்பகுதி ஒன்றை வகுப்பு மாணவர் முப்பதின்மர் ஒரே மணியில் பெற விழையின், இருபத்தொருவர் பெற்ற அளவில் வரம்பு முடிந்துவிடும். எஞ்சியோர் காத்திருத்தல் வேண்டும். படிப்பார் பெருகுவதே பக்கம் மறைதற்குக் காரணமாவது இம்முறையின் இயல்பு. இன்றைய வரம்புகள் பெரியன. கிட்ஹப் நிறுவனத்தின் இலவசத் தள இடம் 1 ஜிகாபைட் வரை தருகின்றது. எனினும், அங்கு மாறாப் பக்கங்களை மட்டுமே வைக்க இயலும். வினவியதற்கேற்பத் தேடி விடை தரும் தரவுத்தளத்தை அதன் வழங்கியில் இயக்க இயலாது.

ஆ) விளம்பரமும் தன்விவரமும்: பணம் தராதார் வேறொன்றைத் தந்தனர். பக்கங்களில் நிறுவனத்தின் விளம்பரங்கள் இடம்பெற்றன. பதிவின்போது உறுப்பினர் அளித்த விவரங்களை, அவர்க்குக் கூறியதற்கு மாறாகப் பிறர்க்கு வழங்கியதாக அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் ஜியோசிட்டீஸ்மீது குற்றஞ்சாட்டியது. 1998-இல் அவ்வழக்கு உடன்பாட்டின்வழி முடிவுற்றது.

இ) உரிமை: 1999-இல் யாகூ வகுத்த புதிய விதிகள், உறுப்பினர் இட்ட எழுத்தையும் படத்தையும் நிறுவனம் விரிவாகப் பயன்படுத்த இடந்தருவன என உறுப்பினர் எதிர்த்தனர். அவ்விதிகள் விரைவில் திருத்தப்பட்டன. எதிர்ப்பு வென்றது உண்மையே. ஆயினும், விதியை வகுக்கும் ஆற்றல் யாரிடத்தது என்பதனையும் அந்நிகழ்ச்சி தெளிவாக்கிற்று.

ஈ) நிலைபேறு: முன்னைய மூன்றனுள் பலவற்றைச் சேரும்போதே விதிகளைப் படித்து ஒருவாறு மதிப்பிடலாம். நான்காவதாகிய நிலைபேற்றினை அவ்வாறு மதிப்பிட இயலாது. மூடுதற்கு ஏறத்தாழ ஆறு திங்கள் முன்னறிவிப்பு இருந்தது. ஆயின் தளத்தை அமைத்தவர் இறந்திருப்பினும், மின்னஞ்சல் முகவரி மாற்றியிருப்பினும் அவ்வறிவிப்பால் பயனில்லை. ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுவும், 1996-இல் தோன்றிய இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனமும் பக்கங்கள் பலவற்றைப் படியெடுத்துக் காத்தன. அனைத்தையும் காத்தல் இயலவில்லை.

தமிழ்ப் பக்கங்கட்கு இதில் கூடுதல் இடர் ஒன்றுண்டு. ஒருங்குறி பரவுமுன் தமிழ் இணையப் பக்கங்கள் பல்வேறு எழுத்துருக்களின் தனித்தனிக் குறியீட்டு முறைகளில் அமைந்தன. பக்கம் படியெடுக்கப்பட்டிருப்பினும், அதற்குரிய எழுத்துரு கிடையாதாயின் திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளின் நிரலே. அதனை மீட்க, அக்குறியீட்டு முறையை அறிந்து மாற்றுவோர் வேண்டும்.

5. கட்டணம் காப்பாகுமா?

இவற்றைக் கண்டு, கட்டணம் செலுத்துவதே தீர்வு எனச் சிலர் கருதக்கூடும். அது முற்றும் பொருந்தாது. கட்டணத் தளம், கட்டணம் செலுத்தப்படும் வரையே நிற்கும். செலுத்துவோர் மறைந்தபின் வழங்கி இடமும் தள முகவரியும் காலாவதியாகும். அவ்வகையில், உரியவர் மறைந்த பின்னரும் இலவசப் பக்கம் சில ஆண்டு நிலைத்திருத்தல் கூடும். ஆகவே வேறுபாடு கட்டணத்தில் இல்லை. முகவரி எவருடையது, மூலப்படி எவரிடம் உள்ளது என்னும் இரண்டிலேயே உள்ளது. முகவரி தமதாயின், ஒரு நிறுவனம் மூடினும் கோப்புகளை வேறிடத்திற்குக் கொண்டுசென்று அதே முகவரியில் வழங்கலாம். நிறுவனத்தின் பெயரை உட்கொண்ட முகவரியாயின், அதனைச் சுட்டிய மேற்கோள்கள் அனைத்தும் அந்நிறுவனத்தோடு பயனற்றுப் போகும்.

6. முடிவுரை

இலவச இடம் தள்ளத்தக்கதன்று. பரப்புதற்கு அது சிறந்த கருவி, காத்தற்கு உரியதன்று. ஆய்வு மாணவர் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. முதலாவது, இணையத்தில் இட்ட எதற்கும் முழுமையான படியொன்றைத் தம்மிடமும், மற்றொன்றை நூலகம் போன்ற நிலையமைப்பிலும் வைத்தல். இரண்டாவது, ஒருங்குறியில் அமைந்த எளிய கோப்பாக வைத்தல். மூன்றாவது, பிறர் பக்கத்தை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுங்கால் பார்த்த நாளைக் குறித்து, அப்பக்கத்தின் படியையும் பேணுதல்.

உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடியபோது, ஒரு நூலுக்குப் படிகள் பலவாக வெவ்வேறு இல்லங்களில் இருந்தமை அவர் பணிக்குத் துணைநின்றது. ஓரிடத்துச் சிதைந்த பகுதி மற்றோரிடத்துக் கிடைத்தது. இணைய நூலுக்கும் அதுவே காப்பு. ஒரே நிறுவனத்தின் ஒரே வழங்கியில் மட்டும் உள்ள நூல், எத்துணை ஆயிரவர் படிப்பினும், ஒற்றைச் சுவடியாகவே கருதத்தக்கது.