உங்களுக்குத் தெரியுமா? முட்டி வலியும் செல்போனும்

● முழங்கால் மூட்டின் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயே கிடையாது. பிறகு எப்படிப் பிழைக்கிறது? காலை ஊன்றும்போது அது அமுங்குகிறது, எடுக்கும்போது விரிகிறது. அப்படி அமுங்கி விரியும்போதுதான் சுற்றியிருக்கும் மூட்டு நீரிலிருந்து தனக்கான சத்தை இழுத்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் பஞ்சைப் பிழிந்து பிழிந்து விடுவதுபோல. ஆனால் இந்தக் குருத்தெலும்பு கெடும் நோய்க்கு நம் ஊரில் வாய்த்த பெயர் ‘தேய்மானம்’. கேட்டதும் செருப்பும் டயரும்தான் கண்முன் வரும். நடந்தால் தேயும், உட்கார்ந்தால் மிஞ்சும் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். முட்டியைவிட இந்தச் சொல் உட்காரவைத்தவர்கள்தான் அதிகம் என்பது என் கட்சி. டென்மார்க்கில் மூட்டு நோய்க்காரர்களுக்காக 2013இல் தொடங்கிய ‘கிளாட்’ திட்டத்தில் 12 பயிற்சி வகுப்புகளோடு, மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொடுக்கும் 2 பாட வகுப்புகளும் உண்டு. காரணமில்லாமலா?

● 2019இல் உலகம் முழுக்க மூட்டுத் தேய்மானத்தோடு (வேறு பெயர் இல்லை, அதையே சொல்லித் தொலைப்போம்) வாழ்ந்தவர்கள் 52.8 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழங்கால்காரர்கள் மட்டும் 36.5 கோடி. மொத்தத்தில் 100க்கு 60 பேர் பெண்கள்.

● ஸ்வீடனில் 2008 முதல் ‘போவா’ என்ற தேசியத் திட்டம் நடக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் பாடமும் பயிற்சியும் என்பது அதன் முறை. அதையே செல்போனுக்குள் கொண்டுவந்தது ‘ஜாயின்ட் அகாடமி’ என்ற செயலி. தினமும் சில நிமிடப் பயிற்சி வீடியோ, கூடவே சின்னப் பாடம், திரைக்கு அந்தப் பக்கம் பதில் சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இதை 6 வாரம் சோதித்துப் பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கும் கணக்கில், செயலியோடு பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 1.5 இறங்கியது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இறங்கியது 0.1. ஒன்றரை மார்க் என்ன பெரிசு என்று தோன்றும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் சோதனையிலும் செயலிக்காரர்கள் தேறியிருந்தார்கள். எழுந்திருக்கவே நாலு பேர் கை கொடுக்கவேண்டிய ஒருவரிடம் கேட்டால் அது பெரிசா சிறிசா என்று சொல்வார்.

● சரி, திரைக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லையென்றால்? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் அதையும் பார்த்துவிட்டார்கள். முழங்கால் தேய்மானமுள்ள 206 பேர். ஒரு பாதிக்கு மூட்டு நோய் பற்றிய தகவல்கள் கொண்ட இணையதளம் மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு, தாங்களே செய்துகொள்ளும் கால் வலுப் பயிற்சித் திட்டமும் 24 வாரத்துக்குத் தானாக வந்து விழும் எஸ்.எம்.எஸ்.களும். டாக்டரும் கிடையாது, பிசியோவும் கிடையாது. அந்த எஸ்.எம்.எஸ். சும்மா ‘வணக்கம், பயிற்சி செய்யுங்கள்’ ரகம் இல்லை. இந்த வாரம் எத்தனை தடவை செய்தீர்கள் என்று கேட்கும். குறைவு என்று பதில் போட்டால், ஏன் என்று கேட்கும். சொன்ன காரணத்துக்குத் தக்க ஒரு யோசனையை அனுப்பும். ‘மாத்திரை போட்டியா?’ என்று விடாமல் நச்சரிக்கும் ஒரு ஆள் வீட்டில் இருப்பாரே, அந்த வேலைதான். முடிவில், வலி உருப்படியாகக் குறைந்தவர்கள் எஸ்.எம்.எஸ். அணியில் 100க்கு 72 பேர், தகவல் மட்டும் படித்த அணியில் 42 பேர். அன்றாட வேலைகள் உருப்படியாகச் சுலபமானவர்கள் 68 பேர், 41 பேர். படித்துத் தெரிந்துகொள்வதற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கிற பள்ளத்தின் அகலம் அவ்வளவு.

● வீடியோ அழைப்பில் பிசியோதெரபி என்றால் ஏதோ பேருக்கு என்று நினைப்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் 394 பேரை வைத்து ஒரு போட்டியே நடத்தினார்கள். 3 மாதத்தில் 5 தடவை ஆலோசனை. ஒரு சாராருக்கு நேரில், மறு சாராருக்கு வீடியோவில். 2024இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவின்படி, வலியிலும் நடமாட்டத்திலும் வீடியோ சளைக்கவில்லை. முட்டி வலிக்காரர் பஸ் படி ஏறி இறங்கும் பாடு மிச்சம்.

● எஸ்.எம்.எஸ். ஆய்வில் சொன்ன அந்த ‘அன்றாட வேலை’யை எப்படி அளக்கிறார்கள்? உலகம் முழுக்க அதிகம் புழங்குவது கனடாவில் பிறந்த ‘வோமாக்’ கேள்வித்தாள். 24 கேள்விகள். வலிக்கு 5, விறைப்புக்கு 2, மிச்சம் 17ம் அன்றாட வேலைக்கு. படி இறங்குவது, கட்டிலைவிட்டு எழுவது, கடைக்குப் போவது எல்லாம் சரி. ஆனால் 17இல் ஒன்று சாக்ஸ் போடுவதற்கு, இன்னொன்று அதைக் கழற்றுவதற்கு! குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவதற்கும் ஒன்று. சம்மணம் போட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா என்பதற்கு இடமே இல்லை. 1998இல் வந்த ‘கூஸ்’ என்ற இன்னொரு கேள்வித்தாளில் குந்தி உட்காருவதும் மண்டியிடுவதும் இருக்கின்றன. எந்தத் தலைப்பில் தெரியுமா? விளையாட்டு, பொழுதுபோக்கு! நம் கழிப்பறையில் தினம் காலையில் நடக்கும் விளையாட்டு. இந்தக் கூத்தைச் சரிசெய்யத்தான் புனேயில் உள்ள வாதநோய் ஆய்வு மையம் வோமாக்கை இந்திய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றியமைத்தது. ஆகவே ஒரு செயலி ‘நீங்கள் 30 சதவீதம் முன்னேறிவிட்டீர்கள்’ என்று கைதட்டினால், அது உங்களிடம் என்ன கேட்டது என்று பாருங்கள். கோலம் போட முடிகிறதா, பந்தியில் தரையில் உட்கார முடிகிறதா என்று அது கேட்டதா? கேட்காவிட்டால் நீங்களே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நோட்டு செயலிக்குக் குறைந்ததல்ல.

● வீட்டிலேயே ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலி, உயரம் சுமார் 43 செ.மீ. சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது? 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே, ஆணுக்கு 14க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று கணக்கு. கீழே விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை எண்ணிக் குறித்துவைத்தால், எக்ஸ்ரே சொல்லாத கதையை அந்த எண் சொல்லும்.

● பயிற்சி தொடங்கிய புதிதில் வலி கொஞ்சம் கூடலாம். இங்கிலாந்தின் 2022 மருத்துவ வழிகாட்டி, இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்கிறது. சொல்லாவிட்டால் நாலாம் நாளே செயலி அழிக்கப்படும். நம் ஆட்கள் அதில் கில்லாடிகள். கிளாட் திட்டத்தில் வைத்திருக்கும் கணக்கு எளிது: பயிற்சியின்போது வலி பத்துக்கு 5 வரை போகலாம், 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் மறுநாள் அளவைக் குறை. நிறுத்தாதே.

● தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது? 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடை எண்ணியின் பெயரிலிருந்து. ‘மன்போ-கெய்’ என்றால் பத்தாயிரம் அடி மீட்டர்! முழங்கால் நோய்க்காரர்களை 2 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு, நடமாட்டம் முடங்காமல் இருந்தவர்களையும் முடங்கியவர்களையும் பிரிக்கும் கோடு சுமார் 6,000 அடி என்றது. அதுவும் மலைப்பாக இருந்தால் 3,000இல் தொடங்கலாம் என்றார்கள். அந்த 6,000இல் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்த நடையும் சேர்த்தி. என்ன, அலமாரியில் கிடக்கும் செல்போனுக்கு அது தெரியாது. இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும்.

● உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ பாரம் குறைகிறது.

● ஜெர்மனியில் டாக்டர் மருந்துச் சீட்டில் செயலி எழுதிக்கொடுக்கலாம், காப்பீடு காசு கட்டும். 2019இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள்.

● செல்போன் பழகாதவர்கள் என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் அதில் உண்டு.

● மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், கூடவே காய்ச்சல் அடித்தால், கால் ஊன்றவே முடியாமல் போனால், செயலியைத் திறக்க வேண்டாம். ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

● கை கட்டைவிரலின் அடி மூட்டு, தேய்மானம் விரும்பிக் குடியேறும் இடங்களில் ஒன்று. ஆகையால் முட்டிப் பயிற்சி வீடியோவைச் செல்போனைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி பார்க்காதீர்கள். எதிரே ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு சொம்பு, அதில் செல்போனைச் சாய்த்து வையுங்கள். சொம்பில் தண்ணீர் இருக்கட்டும், பாரத்துக்கு.